கப்பல் வணிகராக வ.உ.சி.

பட்டச் சான்றிதழைக் கையில் பெற்று வெளியேறும் மாணவன் முன் இரண்டு வழிகள் தெரிகின்றன. ஒன்று, பிறர் நடத்தும் நிறுவனத்தில் ஊதியத்துக்கு அமர்வது. மற்றொன்று, தானே ஒரு தொழிலைத் தொடங்குவது. நம் தருமபுரி மாவட்டத்தில் இவ்வினா இன்னும் கூர்மையுடையது. பருவமழை பொய்த்தால் மானாவாரி நிலம் கைவிடும். ஆதலால் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பேருந்து ஏறியோர் இங்கே ஊர்தோறும் உண்டு. மறுபுறம் பாலக்கோட்டுத் தக்காளியும், மாவட்டமெங்கும் விளையும் மாவும் புளியும், தருமபுரிப் பட்டுக்கூடு அங்காடியும் தொழில் செய்ய எண்ணுவோரைக் கைகாட்டி அழைத்தபடி இருக்கின்றன. மாவட்டத் தொழில் மையத்தில் கடனுதவித் திட்டங்களும் உள்ளன. வேலைக்குப் போவதா, தொழில் தொடங்குவதா என்று நம்மிடம் கேட்கும் மாணவர் ஆண்டுதோறும் பெருகி வருகின்றனர்.

இவ்வினாவுக்கு விடையாக வென்றோர் வரலாறுகளையே எடுத்துச் சொல்வது வழக்கம். பத்து ரூபாயுடன் ஊரைவிட்டுப் புறப்பட்டவர் பத்து ஆலைகளுக்கு உரிமையாளரானார் என்று கேட்கும்போது இளைஞர் உள்ளம் பூரிக்கிறது. ஆயினும் வென்றோர் வரலாற்றில் கணக்கு மறைந்துவிடுகிறது. எதைக் கொடுத்து எதைப் பெற்றார், எவர் உடன் நின்றார், எங்கே சறுக்கினார் என்பவை வெற்றியின் ஒளியில் கண்ணுக்குத் தெரிவதில்லை. எனவே நாம் இம்மலருக்காகத் தேர்ந்துகொண்டது, வணிகக் கணக்கின்படி தோல்வியுற்ற ஒரு பெருமகனின் வாழ்வு. கப்பலோட்டிய தமிழர் என்று நாடு போற்றும் வ.உ. சிதம்பரனாரை விடுதலை வீரராக நம் மாணவர் நன்கறிவர். அவரைத் தொழில் முனைவோராக வைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

சிதம்பரனார் 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தையார் உலகநாத பிள்ளை பெயர்பெற்ற வழக்குரைஞர். தாயார் பரமாயி அம்மையார். கடலுக்கும் இக்குடும்பத்துக்கும் தொழில் தொடர்பு ஏதும் இருந்ததில்லை. படித்து, வழக்காடி, நிலபுலம் சேர்த்து, ஊரில் மதிப்போடு வாழ்வதே அக்குடியின் வழி. இளைஞர் சிதம்பரனார் சிறிது காலம் ஒட்டப்பிடாரம் வட்டாட்சி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். பின்னர்த் தந்தையார் அவரைத் திருச்சிராப்பள்ளிக்கு அனுப்பிச் சட்டம் பயிலச் செய்தார். 1895இல் ஒட்டப்பிடாரத்திலேயே வழக்குரைஞர் தொழிலைத் தொடங்கினார். குற்றவியல் வழக்குகளில் ஏழைகளுக்காகவும், காவல்துறையினரால் பொய்வழக்குப் போடப்பட்டோருக்காகவும் வாதாடினார். இதனால் அதிகாரிகளின் பகை வளரக் கண்ட தந்தையார், 1900இல் அவரைத் தூத்துக்குடிக்குச் சென்று தொழில் நடத்துமாறு கூறினார். பகையிலிருந்து விலக்கவே அனுப்பினார். அனுப்பிய இடமோ அதனினும் பெரிய பகை காத்திருந்த துறைமுகம்.

இங்கு ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். வேறு வழியின்மையால் தொழிலுக்கு வந்தவர் அல்லர் சிதம்பரனார். கைநிறைய வருவாயும் நீதிமன்றத்தில் மதிப்பும் அவருக்கு இருந்தன. வேலை கிடைக்கவில்லை, ஆகவே கடை வைக்கிறேன் என்று கூறுவோர் நிலையும் இவர் நிலையும் ஒன்றல்ல. இருந்ததை விட்டுப் புறப்பட்டவர் இவர். இழப்பதற்கு எவ்வளவு இருந்தது என்பதை அறிந்தே அடியெடுத்து வைத்தார்.

தூத்துக்குடி அக்காலத்தில் தென்னாட்டின் கடல் வாயில். 1870களிலேயே இருப்புப்பாதை அங்கு வந்துவிட்டது. சென்னையிலிருந்து தொடர்வண்டியில் வருவோர் அங்கே கப்பல் மாறிக் கொழும்பு சென்றனர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளரும், அரிசி, துணி முதலிய சரக்குகளும் அவ்வழியே போயின. இப்பயணப் பாதை முழுவதையும் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி தன் கையில் வைத்திருந்தது. தூத்துக்குடியில் அக்கம்பெனியின் முகவர்களாக இருந்தோர், கோரல் நூற்பாலையையும் நடத்திவந்த ஹார்வி நிறுவனத்தார். கப்பலும் அவர்களுடையது, கட்டணம் குறிப்பதும் அவர்கள். உள்ளூர் வணிகர்கள் சரக்கை ஏற்றிவிட்டு, கேட்ட தொகையைக் கட்டவேண்டும். இந்நிலை வணிகர் பலருக்குக் கசந்திருந்தது. ஆயினும் கசப்பு வேறு, கப்பல் வேறு.

வங்கப் பிரிவினையை எதிர்த்து 1905இல் எழுந்த சுதேசிக் கிளர்ச்சி இக்கசப்புக்கு ஒரு வடிவம் தந்தது. சிதம்பரனார் எடுத்த எடுப்பிலேயே கப்பலுக்குத் தாவிவிடவில்லை என்பது கருதத்தக்கது. தூத்துக்குடியில் தரும சங்க நெசவுசாலை, சுதேசிப் பண்டகசாலை போன்றவற்றை நிறுவுவதில் முதலில் ஈடுபட்டார். பங்கு சேர்ப்பது, கூட்டம் கூட்டுவது, கணக்கெழுதுவது, ஒத்துவராத கூட்டாளிகளை ஒத்துவரச் செய்வது ஆகியவற்றை இச்சிறு முயற்சிகளிலேயே அவர் பயின்றிருக்கவேண்டும் என்பது எம் கருத்து. நீச்சல் கற்பவர் முதலில் ஊர்க்குளத்தில் இறங்குவதுதானே முறை!

1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் சுதேசி நாவாய்ச் சங்கம் முறைப்படி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கு ஒன்றின் விலை 25 ரூபாய். ஆக 40,000 பங்குகள். ஆசியக் கண்டத்தார் எவரும் பங்கு பெறலாம் என்பது விதி. பாலவநத்தம் ஜமீன்தாரும் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவருமான பாண்டித்துரைத் தேவர் தலைவராக இருந்தார். தமிழ் வளர்த்த கை கப்பல் கம்பெனிக்கும் கைகொடுத்தது என்பது தமிழ்த்துறையினராகிய நமக்குத் தனி மகிழ்ச்சி. சட்ட ஆலோசகர்களுள் சேலம் விஜயராகவாச்சாரியார் ஒருவர். அந்நாளில் நம் தருமபுரியும் சேலம் மாவட்டத்துள் அடங்கியிருந்தது. செயலாளராக இருந்தவர் ஹாஜி முகமது பக்கீர் சேட். சிதம்பரனார் ஏற்றது உதவிச் செயலாளர் பொறுப்பு மட்டுமே. கம்பெனியின் உயிர் அவர். ஆனால் பெயர்ப் பட்டியலின் உச்சியில் அவர் இல்லை.

ஹாஜி முகமது பக்கீர் சேட்டைப் பற்றிச் சற்று நின்று பேசுதல் தகும். அப்பெருந்தகை 8,000 பங்குகளை வாங்கினார். அதாவது 2 இலட்சம் ரூபாய். மொத்த மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கு. மேடையில் கைதட்டியோர் பல்லாயிரவர். பணப்பையைத் திறந்து வைத்தோர் சிலரே. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் நாகூரிலும் மரக்காயர்கள் நூற்றாண்டுகளாகக் கடல் வணிகம் செய்தவர்கள். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதியும் மரக்கலங்களுக்கு உரிமையாளரே. ஆகவே கப்பலில் முதலிடுவது முஸ்லிம் வணிகர்க்குப் புதிதன்று. ஒருவர் பொருளையும் மற்றவர் உழைப்பையும் இட்டு, வரும் ஊதியத்தை ஒப்பந்தப்படி பகிர்ந்துகொள்ளும் கூட்டு வணிக முறை இஸ்லாமியச் சட்ட நூல்களில் முளாரபா என வழங்கும். சுதேசிக் கம்பெனி பங்குக் கம்பெனிச் சட்டத்தின்படி அமைந்தது. எனினும் பக்கீர் சேட்டின் பொருளும் சிதம்பரனாரின் உழைப்பும் கூடிய விதம் அப்பழைய முறையை நினைவூட்டுகிறது. சைவ நெறியில் ஆழ்ந்த ஒரு வழக்குரைஞரை நம்பி, அவர் வாழ்நாளில் ஒருநாளும் செய்திராத ஒரு தொழிலில், 2 இலட்சத்தை அந்த வணிகர் இட்டார். சிதம்பரனாரின் முதல் மூலதனம் இந்த நம்பிக்கைதான். ஊரார் தம் பணத்தைக் கொடுத்துவைக்கும் அளவுக்கு ஒருவனுடைய நாணயம் முன்பே தெரிந்திருக்கவேண்டும். தொழில் தொடங்கியபின் அதைச் சம்பாதிக்க முடியாது.

தொடக்கத்தில் கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாய் ஷா லைன் கம்பெனியாரிடம் கப்பல்களை வாடகைக்குப் பெற்றே போக்குவரத்து நடந்தது. எதிர்க் கம்பெனியின் நெருக்குதலால் அவ்வாடகை ஏற்பாடு முறிந்தது. பயணிகளிடம் சீட்டு விற்றாயிற்று, கப்பல் இல்லை என்னும் இக்கட்டில் சிதம்பரனார் கொழும்புக்குச் சென்று வேறொரு கப்பலை வாடகைக்கு அமர்த்திவந்து போக்குவரத்து நின்றுபோகாமல் காத்தார். சொந்தக் கப்பல் இன்றேல் சொந்தத் தொழிலும் இல்லை என்பது அவருக்கு அன்றே விளங்கிவிட்டது. பிறரிடம் இரவல் பெற்ற கருவியைக் கொண்டு, அக்கருவியை வைத்திருப்போரின் நண்பனோடு போட்டியிட முடியுமா?

பம்பாய்க்குப் புறப்பட்டார். கப்பலோடு திரும்புவேன், இல்லையேல் கடலில் மாய்வேன் என்று அவர் உறுதி கூறிச் சென்றதாக வரலாறு சொல்லும். வட இந்தியப் பெருவணிகர்களிடம் பங்குகளை விற்றுப் பொருள் திரட்டினார். 1907இல் எஸ்.எஸ். காலியா, எஸ்.எஸ். லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடி வந்து சேர்ந்தன. காலியாவில் முதல் வகுப்பில் 42 பேரும், இரண்டாம் வகுப்பில் 24 பேரும், சாதாரண வகுப்பில் 1,300 பேரும் பயணம் செய்யலாம்; 4,000 மூட்டைச் சரக்கும் ஏற்றலாம். துறைமுகத்தில் கரையோரம் ஆழமில்லாமையால் பெரிய கப்பல்கள் கடலுக்குள் தொலைவில் நங்கூரமிட, படகுகளில் சென்று ஏறுவதே அன்றைய வழக்கம். அப்படித் தொலைவில் நின்ற நம்மவர் கப்பலைக் கரையிலிருந்து மக்கள் கண்ட அந்த நாளை எண்ணும்போது நமக்கும் மெய் சிலிர்க்கிறது.

கப்பல் வந்ததும் போர் தொடங்கியது. வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. ஒரு ரூபாய்க்குக் கொழும்பு செல்லலாம் என்றது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறங்கியது. எதிர்த்தரப்பு கட்டணமே வேண்டாம், ஏறிவாருங்கள், குடையும் தருகிறோம் என்னும் அளவுக்குச் சென்றதாகக் கூறுவர். இலவசத்தை மறுத்துக் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறிய மக்களின் பெருமையை மேடைகளில் பலகாலும் கேட்டிருக்கிறோம். அப்பெருமை உண்மையே. எனினும் வணிகவியல் மாணவர்கள் இதன் மறுபக்கக் கணக்கையும் போட்டுப் பார்க்கவேண்டும். கப்பலில் ஆயிரம் பேர் ஏறினாலும் பத்துப் பேர் ஏறினாலும் எரியும் நிலக்கரி ஏறத்தாழ ஒன்றே. மாலுமிகளின் சம்பளம் நிற்காது. துறைமுகக் கட்டணமும் பழுதுபார்க்கும் செலவும் காத்திரா. எட்டணாக் கட்டணத்தில் கப்பல் நிறைந்து சென்றாலும் 1,300 சாதாரணப் பயணிகளிடம் 650 ரூபாய்தான் கிடைக்கும். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்கள், பற்பல கடல்வழிகள். தூத்துக்குடி வழியில் வரும் இழப்பை வேறு வழிகளில் கிடைக்கும் ஊதியத்தால் ஈடுசெய்து கொள்வார்கள். சுதேசிக் கம்பெனிக்கு இருந்ததோ இந்த ஒரு வழிதான். இரண்டு கப்பல் உடையவன் நூறு கப்பல் உடையவனோடு விலைக்குறைப்புப் போட்டியில் இறங்கினால், யார் பொருள் முதலில் தீரும் என்பதற்குச் சோதிடம் பார்க்கவேண்டுவதில்லை.

போதாக்குறைக்கு அரசு அதிகாரிகளும் எதிர்க் கம்பெனியின் பக்கம் சாய்ந்திருந்தனர். மருத்துவச் சோதனை, சுங்கச் சோதனை என்று ஏதேனும் ஒரு பெயரால் சுதேசிக் கப்பலுக்குத் தடை எழுப்பப்பட்டது. நடுவரே எதிரணியில் ஆடும் ஆட்டம் அது.

இதே வகை ஆட்டம் இதற்கு முன்னும் நடந்ததுண்டு. வங்கக் கவிஞர் இரவீந்திரநாத தாகூரின் தமையனார் ஜோதிரிந்திரநாதர் 1884இல் சரோஜினி என்னும் நீராவிக் கப்பலைக் கொண்டு குல்னாவுக்கும் பரிசாலுக்கும் இடையே போக்குவரத்துத் தொடங்கினார். வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, இவரும் குறைத்தார். மக்கள் உற்சாகத்துடன் இவர் கப்பலில் ஏறினர். இவரோ பொருளிழந்து விலகினார். சிதம்பரனாருக்குப் பின், 1919இல், வால்சந்த் ஹீராசந்த் முதலியோர் பம்பாயில் சிந்தியா கப்பல் கம்பெனியை நிறுவினர். அவர்களுக்கும் அதே எதிரி, அதே விலைக்குறைப்பு. ஆனால் அக்கம்பெனி பெருமூலதனத்துடன் களமிறங்கியது. அடிபட்டும் தாங்கி நின்றது. 1923இல் எதிரியுடன் கட்டண உடன்பாடு ஒன்றும் செய்துகொண்டது. நாட்டு விடுதலைக்குப் பின்னும் அது நெடுங்காலம் இயங்கியது. வீரத்தில் இவர்களுள் எவர் உயர்ந்தவர் என்பதன்று வினா. இழப்பை எத்தனை மாதம் தாங்கமுடியும் என்னும் கணக்கில் வேறுபட்டனர்.

திருவள்ளுவர் வலியறிதல் என ஓர் அதிகாரம் வகுத்து, எடுத்துக்கொண்ட செயல், செய்பவன், எதிர்ப்பவன், உடன் நிற்பவர் ஆகிய எல்லாருடைய ஆற்றலையும் எடைபோட்டே இறங்கவேண்டும் என்கிறார். திருக்குறளுக்கு மணக்குடவர் உரையைத் தேடிப் பதிப்பித்தும், தாமே உரை வகுத்தும் பணிசெய்த சிதம்பரனார் இதனை அறியாதவரா? தம் ஆற்றலையும் துணைவர் ஆற்றலையும் அவர் மிகச் சரியாகவே எடைபோட்டார். பகைவர் ஆற்றலைக் குறைத்து மதித்தார் என்றே நமக்குத் தோன்றுகிறது. வணிகப் பகைக்குப் பின்னால் ஓர் அரசு முழுவதும் எழுந்துவரும் என்பதை அவர் எதிர்பார்த்தாரோ இல்லையோ, அவருடைய கம்பெனியின் முதலீட்டாளர் பலர் எதிர்பார்க்கவில்லை.

1908ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சுப்பிரமணிய சிவா தூத்துக்குடிக்கு வந்தார். இருவரும் மேடைதோறும் முழங்கினர். பிப்ரவரி இறுதியில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் மூண்டது. ஊதிய உயர்வு, வார விடுமுறை, வேலை நேரம் குறித்த கோரிக்கைகள் அவை. சிதம்பரனார் அதனை முன்னின்று நடத்தினார், தொழிலாளர் வென்றனர். நூலாலை முதலாளியும் கப்பல் கம்பெனி முகவரும் ஒரே ஹார்வி நிறுவனத்தார் என்பதை இங்கே நினைக்கவேண்டும். கம்பெனி இயக்குநர்களுள் ஒரு சாரார்க்கு அவருடைய அரசியல் ஒப்பவில்லை. கப்பலைப் பார்த்தால் போதாதா என்பது அவர்கள் கருத்து. அவர்களைக் கோழைகள் என்று ஏசிவிட்டுப் போவது எளிது. நாம் அவ்வாறு ஏசமாட்டோம். பங்கு வாங்கியவர்களுள் பலர் நடுத்தரக் குடும்பத்தினர். தம் பொருள் என்ன ஆகும் என்று கேட்பதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு. சிதம்பரனாருக்கோ கப்பலும் நாடும் இரண்டல்ல. ஒரே நிறுவனத்தில் ஒருவர் ஊதியத்துக்காகவும் மற்றவர் இலட்சியத்துக்காகவும் சேர்ந்திருந்தால், இடர் வரும்போது பிளவு அங்கேதான் விழும்.

விபின் சந்திர பாலரின் விடுதலையைக் கொண்டாடியதை ஒட்டி, 1908 மார்ச் 12ஆம் நாள் சிதம்பரனாரும் சிவாவும் திருநெல்வேலியில் கைது செய்யப்பட்டனர். மறுநாள் நெல்லை கொந்தளித்தது. காவலர் துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். ஜூலை 7ஆம் நாள் பின்ஹே என்னும் நீதிபதி சிதம்பரனாருக்கு 20 ஆண்டுகளும், சிவாவுக்கு இடமளித்து உதவியதற்காக மற்றுமொரு 20 ஆண்டுகளுமாகத் தீவாந்தர தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது 6 ஆண்டுகளாகக் குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையில் மாடு இழுக்கும் செக்கை அவர் இழுத்தார். பின்னர்க் கண்ணனூர்ச் சிறை. கப்பலை ஓட்டியவர் செக்கை ஓட்டிக்கொண்டிருந்த அக்காலத்தில், அவரில்லாத கம்பெனி தளர்ந்து, 1911இல் கலைக்கப்பட்டது. கப்பல்கள் விற்கப்பட்டன.

தனிமனிதர் ஒருவரின் தோளில் மட்டும் நிறுவனம் நின்றால் அத்தோள் விலகும் நாளில் என்ன நிகழும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? தலைவர், செயலாளர், இயக்குநர், ஆலோசகர் என எல்லாம் முறைப்படி இருந்தன. இருந்தும் ஒருவர் சிறை புகுந்தபோது மூன்றாண்டுகளில் எல்லாம் முடிந்தது.

கம்பெனி பிழைத்திருந்தால் வாழ்ந்திருக்குமா என்று நம் வகுப்பில் மாணவர் ஒருவர் வினவியதுண்டு. இதற்கும் கணக்கு உண்டு. 1914ஆம் ஆண்டு பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. தொடர்வண்டி தனுஷ்கோடி வரை சென்றது. அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலில் ஒரு சிறு பயணம். பின்னர் இலங்கைத் தொடர்வண்டி. தூத்துக்குடி வழியே கொழும்பு சென்ற பயணிகளில் பெரும்பகுதியினர் அவ்வழிக்கு மாறினர். சுதேசிக் கம்பெனி எல்லா எதிர்ப்பையும் வென்று நிலைத்திருந்தாலும், எட்டாண்டு நிறைவதற்குள் அதன் முதன்மை வழித்தடமே மெலிந்துபோயிருக்கும். ஒரே வழியை நம்பிய வணிகத்துக்கு எதிரி போட்டிக் கம்பெனி மட்டுமன்று. எங்கோ கட்டப்படும் ஒரு பாலமும் எதிரியே.

1912 டிசம்பர் 24ஆம் நாள் விடுதலை பெற்ற சிதம்பரனாரை வரவேற்கச் சிறைவாயிலில் பெருங்கூட்டம் இல்லை. வக்கீல் சன்னது பறிக்கப்பட்டிருந்தது. கம்பெனி இல்லை, பொருளும் இல்லை, மனைவி மக்கள் இருந்தனர். இப்போதுதான் அவர் வாழ்வில் இரண்டாம் முறையாக வணிகம் வந்தது. இம்முறை விரும்பி வரவில்லை. சென்னையில் அரிசிக் கடை முதலிய சில்லறை வணிகங்களைச் செய்து பார்த்தார். ஒன்றும் ஈடேறவில்லை. பின்னர்க் கோவையில் வங்கி ஒன்றின் மேலாளராகவும் சில காலம் இருந்தார். தென்னாப்பிரிக்கத் தமிழர் அவருக்கெனத் திரட்டி, காந்தியடிகளிடம் சேர்ப்பித்திருந்த சிறு தொகைக்காக 1915இல் அவர் பலமுறை கடிதம் எழுதவேண்டியிருந்தது. 1916இல் கிடைத்த அத்தொகை 347 ரூபாய் 12 அணா. பத்து இலட்சம் மூலதனத்தைத் திரட்டியவரின் நிலை அது.

பத்து இலட்சம் திரட்டத் தெரிந்தவருக்கு ஓர் அரிசிக் கடையை நடத்தத் தெரியவில்லையா என்று சிலர் வியப்பர். வியப்புக்கு இடமில்லை. இரண்டும் வெவ்வேறு திறன்கள். பெருங்குறிக்கோளை முன்வைத்து ஆயிரம் பேரை ஒன்றுகூட்டுவது ஒரு திறன். நாள்தோறும் படியளந்து, கடன் கேட்பவரிடம் முகம் கோணாமல் மறுத்து, மாலையில் கல்லாவை எண்ணி, மறுநாளைக்குச் சரக்கு பிடிப்பது மற்றொரு திறன். முன்னது அவரிடம் கடல்போல் இருந்தது. பின்னது அவர் இயல்பில் இல்லை. கப்பலுக்கு அவர் மனம் முழுதும் ஒப்பியிருந்தது; கடைக்கு வயிறு அவரை இழுத்துச் சென்றது. தொழில் தொடங்க எண்ணும் மாணவர் சுதேசிக் கப்பலைவிட இந்த அரிசிக் கடையை நெடுநேரம் எண்ணிப் பார்க்கவேண்டும் என்பது நம் கருத்து. நம் ஊர்களில் தொடங்கப்படும் தொழில்களுள் பெரும்பாலானவை கப்பல்கள் அல்ல, கடைகளே.

அதே நெல்லைச் சீமையில், திருக்குறுங்குடியில், 1877இல் பிறந்தவர் டி.வி. சுந்தரம் அய்யங்கார். அவரும் வழக்குரைஞராகத் தொடங்கியவர். இருப்புப்பாதைத் துறையிலும் வங்கியிலும் வேலை பார்த்தவர். சுதேசிக் கப்பல் கம்பெனி கலைக்கப்பட்ட 1911ஆம் ஆண்டை ஒட்டியே அவர் வேலையை உதறிப் பேருந்துத் தொழிலில் இறங்கினார். குறித்த நேரத்துக்கு வண்டி புறப்படவேண்டும் என்பதும், வண்டியைப் பழுதின்றி வைத்திருக்கவேண்டும் என்பதும் அவர் கவலைகள். எவரும் இவருக்காக மேடையில் பாடவில்லை; எவரும் இவரைச் சிறையிலிடவுமில்லை. 1955இல் அவர் மறைந்தபோது பெரியதொரு தொழிற்குழுமம் எழுந்து நின்றது. ஒரே மண், ஒரே படிப்பு, ஏறத்தாழ ஒரே வயது. இருவரையும் ஒப்பிட்டு ஒருவரை உயர்த்தவும் மற்றவரைத் தாழ்த்தவும் நாம் வரவில்லை. சுந்தரம் அய்யங்கார் தேடியது தொழில், அது கிடைத்தது. சிதம்பரனார் தேடியதற்குத் தொழில் ஒரு கருவி மட்டுமே.

ஆகவே தொழில் தொடங்கலாமா என்று நம்மிடம் வரும் மாணவரிடம் நாம் முதலில் கேட்பது மூலதனம் எவ்வளவு என்பதன்று. உன்னை நம்பி உன் ஊரில் எவர் பொருள் தருவார் என்று கேட்கிறோம். இத்தொழிலில் முதல் இரண்டாண்டு ஊதியமே வாராவிடில் வீட்டில் அடுப்பெரியுமா என்று கேட்கிறோம். மாங்கூழ்த் தொழிற்சாலை வைக்கப்போவதாகச் சொன்னால், மாங்காய் வரத்து சில மாதங்களே. மற்ற மாதங்களில் இயந்திரத்துக்கும் ஆளுக்கும் என்ன வேலை தருவாய் என்று கேட்கிறோம். இவற்றுக்கு விடை சொல்லத் தெரிந்தும் துணியாதவர் உளர். விடை தெரியாமல் துணிபவரும் உளர். பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. தொழில் என்றாலே அஞ்சிப் பிள்ளையைத் தடுப்பதும், பக்கத்து வீட்டுப் பையன் கடை வைத்து வீடு கட்டினான் என்று பிள்ளையை நெட்டித் தள்ளுவதும் ஒன்றே. இரண்டிலும் பிள்ளையின் இயல்பை எவரும் பார்ப்பதில்லை. சில பிள்ளைகள் நல்ல அலுவலராகவே பிறந்தவர்கள். அதில் இழிவு ஏதுமில்லை.

சிதம்பரனாருக்கு இறுதியில் கைகொடுத்தது அவர் முதலில் கற்ற தொழில்தான். நெல்லை நாள்களிலிருந்தே அவரை அறிந்திருந்த வாலேஸ் என்னும் ஆங்கில நீதிபதி, சன்னதைத் திரும்பப் பெற்றுத் தந்தார். நன்றி மறவாத சிதம்பரனார் தம் மகன் ஒருவனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். கோவில்பட்டியில் வழக்காடி, 1932இல் தூத்துக்குடிக்குத் திரும்பினார். வறுமை முற்றும் நீங்கவில்லை. அதற்கிடையே அவர் ஆற்றிய தமிழ்ப்பணி தனியே ஒரு மலருக்குரியது. ஜேம்ஸ் ஆலனின் நூல்களை மொழிபெயர்த்தார். மெய்யறம், மெய்யறிவு ஆகிய அறநூல்களை இயற்றினார். தொல்காப்பியம் இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தார். சிவஞான போதத்துக்கு உரை கண்டார்.

அவருடன் தண்டனை பெற்ற சுப்பிரமணிய சிவா சிறையில் தொழுநோய் கண்டு வெளிவந்தார். நோயைக் காரணம் காட்டித் தொடர்வண்டியில் ஏறத் தடைவிதித்தனர்; கால்நடையாகவே ஊர் ஊராகச் சென்றார். அவர் நிலைகொண்டது நம் மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில். அங்கே பாரத ஆசிரமம் அமைத்து, பாரத மாதாவுக்கு ஒரு கோயில் எழுப்ப முனைந்தார். 1923இல் சித்தரஞ்சன் தாஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். கோயில் எழுவதைக் காணாமலே 1925 ஜூலை 23ஆம் நாள், நாற்பது வயதில், சிவா அவ்வூரிலேயே மறைந்தார். அவர் நினைவிடம் பாப்பாரப்பட்டியில் உள்ளது. பென்னாகரம் வழியே செல்லும் நம் மாணவர் இறங்கிப் பார்க்கலாம்.

சிதம்பரனார் அவருக்குப் பின் பதினோராண்டுகள் வாழ்ந்தார். 1936 நவம்பர் 18ஆம் நாள், தாமே விரும்பிக் கேட்டவாறு, தூத்துக்குடிக் காங்கிரசு அலுவலகத்தில் உயிர் நீத்தார். அதற்குச் சில நாள்களுக்கு முன் எழுதிய உயிலில், கடைகளுக்குத் தாம் கொடுக்கவேண்டிய சிறு பாக்கிகளையும் மறவாமல் குறித்து வைத்திருந்தார்.